ப்ரூஸ்: ஒரு சின்ன அடிக்கான ஆங்கிலச் சொல்லைச் சரியாகப் பழகுவது எப்படி?

போன மழைக்காலத்தில் வேளச்சேரியில் தண்ணீர் தேங்கிய ஒரு தெருவில் என் மாணவன் ஒருவன் வண்டியோடு சாய்ந்துவிட்டான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எலும்பு முறியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. ஆனால் வண்டி காலின் மேல் விழுந்ததில் கெண்டைக்கால் முழுக்கக் கறுத்து ரத்தம் கட்டிப்போயிருந்தது. மறுநாள் காலை புனேயில் இருக்கும் தன் டீம் லீடுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பினான்: "ப்ளட் க்ளாட் இன் லெக். நீட் ஒன் டே லீவ்."

ஐந்து நிமிடத்துக்குள் மூன்று அழைப்புகள். எந்த ஆஸ்பத்திரி, கூட யார் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா என்று ஒரே பதற்றம். ஒரு நாள் லீவு கேட்டதற்கு ஏன் இவ்வளவு என்று அவனுக்குப் புரியவில்லை. மாலை நொண்டிக்கொண்டே பெரம்பூரில் நான் நடத்தும் வகுப்புக்கு வந்து போனைக் காட்டினான்.

அவன் தமிழில் நினைத்தது சரி. "ரத்தம் கட்டியிருக்கு" என்று நம் ஊரில் எல்லோரும்தான் சொல்கிறோம். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதில்தான் வந்தது வினை. ப்ளட் க்ளாட் என்றால் ரத்தம் உறைந்த கட்டி. "காலில் ப்ளட் க்ளாட்" என்று சொன்னால் கேட்பவர் மனதில் வருவது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்ட நிலைமை. காலின் ஆழமான நாளத்தில் அப்படி உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அவனுக்கு இருந்தது அதுவல்ல. தோல் கிழியாமல், தோலுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து, ரத்தம் சதைக்குள் கசிந்து நிறம் மாறியிருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு சின்னச் சொல் போதும். ப்ரூஸ்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து, ஆஸ்பத்திரி வரவேற்பிலும் மழலையர் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிப்படியாகப் போவோம். அவசரம் வேண்டாம்.

முதல் படி: தமிழில் சரியாகச் சொல்லிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் திணறுகிறார்கள். "அடிபட்டுடுச்சு" என்ற ஒரே சொல்லில் நாம் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். ஆங்கிலம் அப்படி விடாது. என்ன பட்டது, தோல் என்ன ஆனது என்று கேட்கும். ஆனால் இந்த வேறுபாடெல்லாம் தமிழில் இல்லாதது இல்லை. நம் பாட்டிகளிடம் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருந்தது. அவற்றை மீட்டு எடுத்துக்கொண்டால் ஆங்கிலம் தானாக வந்து பொருந்தும்.

அடிபட்ட இடத்தைப் பாருங்கள். தோல் கிழிந்திருக்கிறதா? கிழியவில்லை, ஆனால் நிறம் மாறியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்றால் அது கன்றியிருக்கிறது. பேச்சில் "கன்னிப்போச்சு" என்போம். அதுதான் ப்ரூஸ். இதை ஊமைக்காயம் என்றும் சொல்வார்கள். வெளியே வாய் திறக்காத காயம். இவ்வளவு அழகான சொல் ஆங்கிலத்தில்கூட இல்லை என்று வகுப்பில் நான் எப்போதும் சொல்வேன்.

நிறம் மாறாமல் வெறுமனே மேடாகப் புடைத்திருந்தால் பம்ப் (bump). கதவில் இடித்துக்கொண்ட நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு எழும்புமே, அது. நிறமும் மாறிப் புடைத்தும் இருந்தால் இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். பிரம்பு பட்ட மாதிரி நீளமாகத் தடித்திருந்தால் வெல்ட் (welt).

தோல் போயிருக்கிறது என்றால் வேறு குடும்பம். தார்ச்சாலையில் விழுந்து தோல் தேய்ந்து, பொடிப்பொடியாக ரத்தம் துளிர்த்திருந்தால் சிராய்ப்பு. அதற்கு ஸ்க்ரேப் என்று சொல்லலாம், க்ரேஸ் என்றும் சொல்லலாம். ஆடு மாடு மேய்வதற்கும் எழுத்து மாறாமல் அதே க்ரேஸ்தான். உச்சரிப்பும் ஒன்றே. மேலோட்டமாக உரசிக்கொண்டு போனது என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. நகமோ முள்ளோ பூனையோ கோடு போட்டிருந்தால் கீறல், அதாவது ஸ்க்ராட்ச். கத்தியோ கண்ணாடியோ பட்டால் கட். செருப்பு கடித்து நீர் கோத்தால் கொப்புளம், ப்ளிஸ்டர். மூட்டு பிசகினால் சுளுக்கு, ஸ்ப்ரெய்ன்.

குழந்தைகளுக்கு மட்டும் ஒரு தனிச்சொல் உண்டு. நாம் "பாப்பாவுக்கு உவ்வா" என்று கொஞ்சுகிற மாதிரி அமெரிக்க ஆங்கிலத்தில் பூ-பூ (boo-boo) என்பார்கள். மழலையர் பள்ளியில் குழந்தையிடம் பேச நல்லது. பெற்றோருக்கு எழுதும் குறிப்பில் வேண்டாம்.

இரண்டாம் படி: வாயில் வர வைக்க வேண்டும்

எழுத்துகள் பி, ஆர், யு, ஐ, எஸ், இ (bruise). எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் "ப்ரூயிஸ்" என்று இரண்டு அசையாக இழுக்கிறார்கள். ஐ இருப்பது எழுத்தில் மட்டும்தான். ஃப்ரூட், ஜூஸ் ஆகியவற்றிலும் அந்த யு-ஐ இருக்கிறது. அவற்றை நாம் ஃப்ரூயிட் என்றோ ஜூயிஸ் என்றோ சொல்வதில்லை. அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டுவாருங்கள். ஒரே அசை: ப்ரூஸ்.

கடைசி ஒலிதான் கொஞ்சம் கஷ்டம். தமிழ் எழுத்தில் எழுதினால் இதுவும் ப்ரூஸ் லீயும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஒலி ஒன்றல்ல. ப்ரூஸ் லீ பெயரில் முடிவது பாம்பு சீறும் ஸ். இந்தச் சொல்லில் முடிவது தேனீ ரீங்கரிக்கும் ஸ். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், விரலில் அதிர்வு தெரிய வேண்டும். வண்டலூர் மிருகக்காட்சிச் சாலையை "ஜூ" என்கிறோமே, ஆங்கிலத்தில் அதன் முதல் ஒலி இதே ரீங்காரம்தான். அதைக் கொண்டுபோய் இந்தச் சொல்லின் வாலில் ஒட்டுங்கள். கப்பல் பயணத்துக்கான க்ரூஸ் என்ற சொல்லோடு சரியாக எதுகை சேரும்.

ஒன்றுக்கு மேல் என்றால் ப்ரூஸஸ், இரண்டு அசை. கடந்த காலம் ப்ரூஸ்டு. அவ்வளவுதான்.

மூன்றாம் படி: வாக்கியத்தில் உட்கார வைப்பது

இங்கே தமிழ் மனதுக்கு ஒரு உறுத்தல் வரும். "எனக்கு முட்டியில் அடிபட்டது" என்று நாம் சொல்லும்போது நாம் எதுவும் செய்யவில்லை, அடிதான் வந்து பட்டது. ஆங்கிலத்தில் "ஐ ப்ரூஸ்டு மை நீ" என்பார்கள். நேராக மாற்றினால் "நான் என் முட்டியைக் கன்ற வைத்தேன்". யாராவது வேண்டுமென்றே செய்வார்களா என்று போன மாதம் ஒரு அக்கா வகுப்பில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் உடம்புக்கு நேர்வதை இப்படித்தான் சொல்வார்கள், அதில் வேண்டுமென்றே என்ற பொருள் இல்லை. "ஐ ப்ரோக் மை ஆர்ம்" என்பதும் இதே கதைதான். தயங்காமல் சொல்லுங்கள்.

அந்த அமைப்பு வாயில் வரவில்லையென்றால் "ஐ ஹேவ் எ ப்ரூஸ் ஆன் மை நீ" என்று சொல்லுங்கள். இதில் கவனிக்க வேண்டியது "ஆன்". தமிழில் "முட்டியில்" என்று சொல்வதால் நமக்கு "இன்" வந்துவிடுகிறது. ப்ரூஸ் உடம்பின் மேல் இருப்பதாகத்தான் ஆங்கிலம் பார்க்கிறது. ஆன் மை நீ, ஆன் ஹெர் ஃபோர்ஹெட், ஆன் ஹிஸ் லெஃப்ட் ஆர்ம். முன்னால் "எ" போட மறக்காதீர்கள், இது எண்ணக்கூடிய பெயர்.

வேளச்சேரிப் பையனோடு சேர்ந்து அன்று எழுதிய செய்தி இது: "ஐ ஸ்லிப்டு ஃப்ரம் மை பைக் யெஸ்டர்டே. நோ ஃப்ராக்சர், பட் எ பிக் ப்ரூஸ் ஆன் மை லெஃப்ட் காஃப். கான்ட் வாக் மச். நீட் டுடே ஆஃப்." எப்படி நடந்தது, என்ன இல்லை, என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, அதனால் என்ன முடியவில்லை என்ற வரிசை அதில் இருக்கிறது. இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளலாம். "என்ன இல்லை" என்பதை முன்னால் சொல்லிவிட்டால் படிக்கிறவருக்கு வயிற்றில் புளி கரைக்காது.

நான்காம் படி: பக்கத்து வீட்டுச் சொற்களோடு குழப்பாதீர்கள்

காயம் என்றால் வூண்ட் என்று அகராதி சொல்லும். பள்ளியில் நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் பேச்சில் வூண்ட் என்றதும் கத்தி, துப்பாக்கி, ஆழமாகத் திறந்த புண் ஆகியவைதான் நினைவுக்கு வரும். வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், ராமநாதபுரத்துக்காரி, ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர். விளையாடும்போது மேசை முனையில் இடித்துக்கொண்ட மூன்று வயதுக் குழந்தையைப் பற்றித் தாய்க்கு "பேபி காட் வூண்டட் இன் ஹெட்" என்று எழுதி அனுப்பினாள். கிண்டி அலுவலகத்திலிருந்து அந்தத் தாய் ஆட்டோவில் ஓடிவந்தார். வந்து பார்த்தால் குழந்தை கட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒரு சின்னப் புடைப்பு, ஓரத்தில் லேசாகக் கன்றல். தாய் அழுதார், இவளும் அழுதாள்.

அவள் செய்ததில் அக்கறைக் குறைவு எதுவும் இல்லை. சொல் மட்டும் பெரிதாகிவிட்டது. "எ ஸ்மால் பம்ப் அண்டு எ லைட் ப்ரூஸ் ஆன் த ஃபோர்ஹெட். ஸ்கின் நாட் ப்ரோக்கன். ஐஸ் அப்ளைடு அட் லெவன் ட்வென்டி. ஷி இஸ் ப்ளேயிங் நவ்." இப்படி எழுதியிருந்தால் தாய் ஒரு முறை அழைத்துப் பேசியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் தலையில் அடி என்றால் அடுத்த ஒரு நாள் கவனிக்கச் சொல்லியும் எழுத வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும் என்பது ஏழாம் படியில் வருகிறது.

இஞ்சுரி என்பது பொதுச்சொல், பெரியதற்கும் சின்னதற்கும் வரும், காகிதத்துக்கு ஏற்றது. ஹர்ட் பேச்சுக்கு ஏற்றது: "டிட் யூ ஹர்ட் யுவர்செல்ஃப்?" என்று கேட்பார்கள். கன்ட்யூஷன் என்பது ப்ரூஸுக்கு டாக்டர்கள் எழுதும் பெயர். ஹீமடோமா என்றால் ரத்தம் ஓரிடத்தில் தேங்கிக் கட்டியாகவே நிற்பது, அது சாதாரண ப்ரூஸைவிட ஒரு படி மேல். இவற்றைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும், நாமாகப் பேச்சில் போட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: பழத்திலும் அடுப்பங்கரையிலும்

ப்ரூஸ் மனித உடம்போடு நிற்பதில்லை. 1996-இல் கொத்தவால்சாவடியிலிருந்து மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்கு வந்தது. அங்கே பழ அங்காடிகள் பக்கம் காலையில் போய்ப் பாருங்கள். மாம்பழக் கூடையில் கையை விட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, மெத்தென்று இருப்பதைத் தனியே ஒதுக்குவார்கள். "அது அடிபட்டது சார், வேற எடுத்துக்கங்க" என்பார்கள். மனிதருக்குச் சொல்லும் அதே "அடிபட்டது". ஆங்கிலத்திலும் அப்படியே: எ ப்ரூஸ்டு மேங்கோ, ப்ரூஸ்டு ஆப்பிள்ஸ். இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். ஆப்பிளில் உள்ளே நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். அடிபட்ட இடத்தில் செல்கள் உடைகின்றன, உள்ளே இருந்த நொதி காற்றோடு சேர்ந்து பழுப்பாக்குகிறது. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இதனால்தான்.

செயலியில் பழம் வாங்கிப் புகார் எழுதும்போது இது உதவும். அழுகியிருந்தால் ராட்டன். அழுகவில்லை, அடிபட்டிருக்கிறது என்றால் ப்ரூஸ்டு. இரண்டையும் மாற்றி எழுதினால் படத்தைப் பார்த்துவிட்டு உங்கள் புகாரைத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு.

சமையல் குறிப்பில் "ப்ரூஸ் த ஜிஞ்சர்" என்று வந்தால் பயப்படாதீர்கள். இஞ்சியைத் தட்டிப் போடச் சொல்கிறார்கள். டீக்கு அம்மிக்குழவியால் ஒரு தட்டு தட்டுவோமே, இஞ்சி உருக்குலையாமல் வாசனை மட்டும் வெளியே வரும்படி, அதே கைப்பக்குவம். ஏலக்காய்க்கும் எலுமிச்சைப் புல்லுக்கும் இதே சொல் வரும். விழுதாக அரைத்தால் அது வேறு.

உண்மையில் இதுதான் சொல்லின் பழைய பொருள். பழைய ஆங்கிலத்தில் நசுக்குவதைக் குறித்த ஒரு வினையும், உடைப்பதைக் குறித்த பழைய பிரெஞ்சு வினையும் கலந்து வந்த சொல் இது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் ஆதியாகமத்தில் சர்ப்பத்தின் தலையை ப்ரூஸ் செய்வது பற்றி வரும். தமிழ் பைபிளில் அந்த இடத்தில் "நசுக்குவார்" என்று இருக்கும். ஏசாயாவில் ஆங்கிலத்தில் ப்ரூஸ்டு ரீட் என்று வருவது தமிழில் "நெரிந்த நாணல்". தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் சொல்லின் வேர் நன்றாகப் பிடிபடும்.

ஆறாம் படி: மனசுக்கும் பத்திரிகைக்கும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். "முகம் கன்றிப்போனது" என்று நாம் அவமானத்துக்குச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ப்ரூஸ்டு ஈகோ, ப்ரூஸ்டு ஃபீலிங்ஸ். ரத்தம் இல்லை, ஆனால் உள்ளே வலிக்கிறது என்ற அதே ஊமைக்காயம்.

விளையாட்டுப் பக்கத்தில் "பேட்டர்டு அண்டு ப்ரூஸ்டு" என்று ஜோடியாக வரும், அடிமேல் அடி வாங்கி நொந்துபோனது என்று பொருள். 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் கடைசி நாளை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மேற்கு மாம்பலத்து அஸ்வின் முதுகுவலியோடு இறங்கி, உடம்பில் பந்துகளை வாங்கிக்கொண்டு 128 பந்துகள் நின்று 39 ரன்னோடு ஆட்டமிழக்காமல் திரும்பினார். எதிர்முனையில் தொடை தசைப்பிடிப்போடு விஹாரி. ஆட்டம் டிரா ஆனது. அந்தத் தொடருக்கு இந்தச் சொற்ஜோடி அப்படியே பொருந்தும்.

"எ ப்ரூஸிங் டிஃபீட்" என்றால் பலத்த அடி வாங்கிய தோல்வி. ப்ரூஸர் என்றால் அடிதடிக்கு அஞ்சாத முரட்டு ஆள். யாரையும் நேரில் அப்படி அழைத்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: டாக்டர் முன்னால்

இந்த ஒரு படிக்காகத்தான் முந்தைய ஆறையும் எழுதினேன்.

என் பெரியம்மாவுக்கு இதய வால்வு மாற்றிய பிறகு ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. ஒருமுறை பரிசோதனைக்குப் போயிருந்தோம். இளம் டாக்டர், தமிழ் தெரியாதவர், கோப்பைப் புரட்டிக்கொண்டே "எனி ப்ரூஸிங்?" என்று கேட்டார். பெரியம்மாவின் மகள் "ப்ரீதிங் நல்லா இருக்கு டாக்டர்" என்றாள். மூச்சைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள். டாக்டரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகவிருந்தார். நான் எழுந்து பெரியம்மாவின் புடவைத் தலைப்பை விலக்கி மேல்கையைக் காட்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு கரும்படைகள். எங்கேயும் இடித்துக்கொண்ட நினைவே அவருக்கு இல்லை. "வயசாச்சு, கன்னிப்போகுது" என்று வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அன்றே ஐ.என்.ஆர். பரிசோதனை எழுதினார்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது அது. ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்திருந்தது. மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள்.

எனவே காதைப் பழக்குங்கள். "எனி ப்ரூஸிங்?", "டூ யூ ப்ரூஸ் ஈஸிலி?" என்ற இரண்டும் வழக்கமாக வரும் கேள்விகள். இரண்டாவதன் பொருள், லேசாகப் பட்டாலே, அல்லது படாமலே உடம்பு கன்றிவிடுகிறதா என்பது. ரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ ஆஸ்பிரினோ சாப்பிடுபவர்களிடம் கட்டாயம் கேட்பார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் டெங்கு பரவும் காலத்திலும் கேட்பார்கள். ரத்தத் தட்டணுக்கள் சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். அவை மிகவும் குறையும்போது அடியே படாமல் தோலில் கன்றலும் சிவந்த புள்ளிகளும் தோன்றலாம். இருந்தால் "யெஸ்" என்று சொல்லி இடத்தைக் காட்டுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் பரவாயில்லை, காட்டினாலே போதும்.

"சின்ஸ் வென்?" என்று அடுத்து கேட்பார்கள். நிறத்தைச் சொல்லலாம். புதிதில் சிவப்பு, பிறகு நீலமோ ஊதாவோ, அப்புறம் பச்சை, மஞ்சள், கடைசியில் பழுப்பு. கசிந்த ரத்தத்தின் ஹீமோகுளோபினை உடம்பு சிதைக்கும்போது முதலில் பச்சையான பிலிவெர்டினும் பிறகு மஞ்சளான பிலிருபினும் உண்டாகின்றன. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். ஆனால் நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோலில் புத்தகத்தில் போட்டிருக்கும் வண்ணங்கள் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. சுற்றியிருப்பதைவிட அடர்ந்த ஒரு படையாக மட்டும் தெரியும். பட்ட இடத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். வலி, சூடு, வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுங்கள். காலோ கையோ என்றால் தலையணையில் உயர்த்தி வையுங்கள். எண்ணெய் போட்டு நீவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு, முதல் இரண்டு நாள் அது வேண்டவே வேண்டாம். புளியும் உப்பும் கொதிக்க வைத்துச் சூடாகப் பற்றுப் போடுவதையும் அந்த இரண்டு நாளில் தவிர்த்துவிடுங்கள். சூடு பட்டால் கசிவு கூடும்.

தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் வந்தாலோ, கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கன்றல் தோன்றினாலோ ஆங்கிலச் சொல்லைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐ அழைத்துத் தமிழிலேயே சொல்லுங்கள்.

எட்டாம் படி: காகிதத்தைப் படிப்பது

சாலையில் விழுந்து அரசு மருத்துவமனைக்குப் போனால் அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். காப்பீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் அது வேண்டும். அதில் ப்ரூஸ் என்று இருக்காது, கன்ட்யூஷன் என்று இருக்கும். சிராய்ப்பு அப்ரேஷன் ஆகிவிடும், கிழிசல் லாசரேஷன். பக்கத்தில் சென்டிமீட்டரில் நீள அகலம். டெண்டர்னெஸ் என்றால் தொட்டால் வலிக்கிறது என்று பொருள்.

இரண்டு சொற்கள் புதியவர்களைக் குழப்பும். ஒன்று "அலெஜ்டு". நடந்ததை நீங்கள் சொன்னபடி எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. நீங்கள் பொய் சொல்வதாக யாரும் சொல்லவில்லை, கோபப்பட வேண்டாம். இன்னொன்று "ஓவர் த லெஃப்ட் நீ". இங்கே ஓவர் என்றால் முட்டிக்கு மேலே தொடைப் பக்கம் என்று பொருள் இல்லை, முட்டியின் மீதே என்று பொருள்.

காயச் சான்றிதழில் சிம்பிள் அல்லது க்ரீவஸ் என்று வகைப்படுத்துவார்கள். க்ரீவஸ் என்பதைச் சட்டத் தமிழில் கொடுங்காயம் என்கிறோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு எதெல்லாம் கொடுங்காயம் என்று வரிசைப்படுத்துகிறது. எலும்பு முறிவு, பல் உடைவது அதில் அடங்கும். 15 நாள் கடுமையான வலியில் கிடந்தாலோ வழக்கமான வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ அதுவும் அடங்கும். பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. சாதாரணக் கன்றல் சிம்பிள் வகையில்தான் வரும். அதற்காக எழுதாமல் விட்டுவிடச் சொல்லாதீர்கள். சட்டப்படி உடம்பில் வலி உண்டாக்கினாலே அது ஹர்ட்தான். தவிர, அடிபட்ட அன்று லேசாகத் தெரிந்த கன்றல் மறுநாள் கறுத்துப் பெரிதாகத் தெரிவது சகஜம். சட்டைக்குள், முதுகில், தொடையில் வலிக்கிற இடங்களை எல்லாம் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒருமுறை படியுங்கள். எல்.டி. என்றால் இடது, ஆர்.டி. என்றால் வலது. உங்களுக்கு அடிபட்ட பக்கம்தான் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் வெளியே வருவதற்கு முன் டாக்டரிடமே திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.